தகரத்தில் மூன்று எழுத்து

என் பெயர் இங்கிலீசில் மூன்றே எழுத்து. அதை இங்கே எழுதப் போவதில்லை. என்னைக் கேளாமலே அதைப் போதியளவு இடங்களில் எழுதிவிட்டார்கள். நானும் சேர்ந்து இன்னோர் இடத்தில் எழுதி வைக்க வேண்டிய அவசியம் கிடையாது.

அந்த மூன்று எழுத்தும் முதலில் ஏறியது ஒரு தகரத்தில். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் வாப்பா, கல்முனைக்குத் தெற்கே பெரிய ரோட்டோரமாக ஒரு புடவைக்கடை திறந்தார். கடை என்றால் ஒரு மேசை, துணி அடுக்க ஒரு இறாக்கை, கொஞ்சம் சாறன், கொஞ்சம் சட்டைத்துணி, அவ்வளவுதான். போர்டுக்கு என்று அவரிடம் இருந்தது வீட்டு முகட்டுக்கு வாங்கி மிஞ்சிய ஒரு துண்டுத் தட்டைத் தகரம். போர்ட் எழுதுகிறவர் அதை அளந்து பார்த்துவிட்டு, பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி எழுதுவதென்றால் மூன்று எழுத்துக்கு மேல் இதில் பிடிக்காது என்று சொன்னாராம். வாப்பாவின் பெயர் நீளம். உம்மாவின் பெயர் அதைவிட நீளம். வீட்டில் இருந்தவர்களில் என்னுடையது மட்டும் தகரத்துக்குச் சரியாக வந்தது. நீல நிறத்தில் மூன்று பெரிய எழுத்து, அதற்குக் கீழே மூலையில் பொடியாக 'டெக்ஸ்'.

ஏன் இங்கிலீசு என்று வளர்ந்த பிறகு உம்மாவிடம் கேட்டேன். "தமிழ்ல எழுதினா சின்னக் கட எண்டு நினைப்பாங்களாம். உங்கட வாப்பாட புத்தி" என்றார் உம்மா. அப்போது அது சின்னக் கடைதான்.

எனக்குப் பிறகு பிறந்த தங்கச்சிக்கு வாய்த்த பெயர் இங்கிலீசில் ஒரு முழ நீளம். அது எந்தத் தகரத்திலும் ஏறவில்லை. அவளுக்கு அதில் பெரிய மனக்குறை. எனக்கு அவள்மேல் பொறாமை. இரண்டு பேரும் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம், தலைமயிரைப் பிடித்து இழுத்து.

நான் முதன்முதலாக வாசித்த இங்கிலீசு அந்தத் தகரம்தான். பள்ளிக்கூடம் போகுமுன்னரே அந்த எழுத்துகளை எனக்குத் தெரியும். கனகாலம், இங்கிலீசு என்றாலே அந்த மூன்று எழுத்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பனடோல் அட்டையில் அதில் ஓர் எழுத்தைக் கண்டாலும் "என்ட பேரு, என்ட பேரு" என்று காட்டிக்கொண்டு திரிந்தேனாம். இப்போது நான் இங்கிலீசு படிப்பிக்கிற டீச்சர். என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி இருப்பார்கள்.

கடை மெல்ல வளர்ந்தது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பஸ் அத்தனையும் கடைக்கு முன்னால்தான் போகும். அந்த இடத்தில் பஸ் நிற்கிற ஹோல்ட் என்று எதுவும் இருக்கவில்லை. பெருநாள் உடுப்பு எடுக்க வருகிற பெண்கள் "கடைக்கிட்ட நிப்பாட்டுங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லி, பஸ்கள் அங்கே நிற்கத் தொடங்கின. நிற்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. எங்கள் பக்கத்தில் ஓரிடத்தைச் சொல்வதற்கு 'அடி' சேர்ப்பார்கள்: பள்ளியடி, ஆலடி, சந்தையடி. அப்படியே என் பெயரோடும் ஓர் அடியைச் சேர்த்துவிட்டார்கள் கொண்டக்டர்மார். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, என் பெயரை முழுத்தொண்டையில் கூவி, "அடி ஆக்களெல்லாம் முன்னுக்கு வாங்க" என்பார்கள். நான் அதே பஸ்ஸில் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பேன். எங்கள் வீடும் கடைக்குக் கிட்டத்தான். இறங்குவதற்கு எழும்பினால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் போலிருக்கும். எத்தனையோ நாள் அடுத்த ஹோல்டில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

வாப்பாவையும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். என் பெயரைச் சொல்லி 'முதலாளி' என்று சேர்ப்பார்கள். அவருடைய சொந்தப் பெயரை ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. அதுபற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வாப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை விடாமல் வாசிப்பார். அவருடைய தமிழ்க் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. இங்கிலீசில் அவருக்கு எழுதத் தெரிந்தது மூன்றே எழுத்து. போர்ட் எழுதிய நாளில், எழுதியவரிடம் கேட்டு, சாக்குக்கட்டியால் தரையில் எழுதி எழுதிப் பழகிக்கொண்டாராம். பழகியதை வீணாக்குவானேன் என்று அதையே தன் கையெழுத்தாக வைத்துக்கொண்டார். பேங்கில், துணிக் கம்பனிக்காரரின் பில்லில், மின்சாரக்காரன் நீட்டுகிற தாளில், எல்லாவற்றிலும் என் பெயர். பேனையைத் தூரிகை மாதிரிப் பிடித்து, மூன்று எழுத்தையும் போட்டு, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு கோடு கீறுவார்.

அந்தக் கையெழுத்தால் எனக்கு அடியே விழப் பார்த்தது. ஏழாம் வகுப்பில் தவணைப் பரீட்சை முடிந்து ரிப்போர்ட் கார்ட் தந்தார்கள். கணக்கில் மோசமான புள்ளி. வாப்பாவிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் வகுப்பு டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"வாப்பாட கையெழுத்த வாங்கிட்டு வரச் சொன்னா, நீயே உன்ட பேர எழுதிட்டு வந்திரிக்கியா?"

"இல்ல டீச்சர். வாப்பாதான் வெச்ச."

"உன்ட வாப்பா உன்ட பேரையா கையெழுத்தா வெக்கிற? என்னய என்ன விசரி எண்டா நினைச்ச?"

வகுப்பே சிரித்தது. என்னை வாசலில் முழங்காலில் நிற்கவைத்துவிட்டு வாப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். வாப்பா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பாரம் கொடுத்துவிட்டு, தோளில் அளவு நாடாவோடு அப்படியே வந்தார். டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "கையெழுத்த வைங்க பாப்பம்" என்றார். வாப்பா நின்ற நிலையில் மேசைமேல் குனிந்து வைத்தார். மூன்று எழுத்து, வால், கோடு. கார்டில் இருந்ததும் அதேதான்.

டீச்சருக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "ஏன் முதலாளி, உங்கட பேர எழுதினா என்ன?" என்று கேட்டார்.

"என்ட பேர எழுதினா ஆருக்கு டீச்சர் விளங்கும்?" என்றார் வாப்பா.

போகும்போது என் கணக்குப் புள்ளியைப் பற்றி விசாரித்தார். அதுதான் எனக்கு அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய கஷ்டம். வகுப்பில் என்னை அதன் பிறகு 'வாப்பாட கையெழுத்து' என்று கூப்பிட்டார்கள். பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை அந்தப் பட்டம் போகவில்லை.

இதற்கெல்லாம் மேலே வந்தது கிரிக்கெட். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகப் பொடியன்கள் ஜேர்ஸி அடிப்பதற்கு ஆதரவு கேட்டு வாப்பாவிடம் வந்தார்கள். அவர் துணியும் கொடுத்தார், அச்சடிக்கிற செலவும் கொடுத்தார். பிறகு பார்த்தால் பதினொரு பேரின் முதுகிலும் என் பெயர், அணியின் பெயரும் அதுவேயாகிவிட்டது. எனக்கு அப்போது பதினான்கு வயது. பெரியபிள்ளை ஆகி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, ரோட்டில் நிலம் பார்த்து நடக்கிற காலம். நிந்தவூர் அணியோடு இறுதி ஆட்டம். மைக்கில் ஒருவர் நேரடி வர்ணனை செய்கிறார். கடற்கரை மைதானத்து மைக் எங்கள் குசினிவரை கேட்கும். என் பெயரைச் சொல்லி, "தடுமாறுகிறது, தடுமாறுகிறது, இன்றைக்குத் தப்புவது கஷ்டம்" என்று அந்த மனிதர் கத்துகிறார். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கிறவள் கேட்டாள், "என்னடி, நேத்து உனக்கு நல்ல அடியாம். ஆறு ஆறா அடிச்சாங்களாமே."

அன்று பின்னேரம் நேரே கடைக்குப் போனேன். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, வாப்பாவிடம் போர்டைக் கழற்றச் சொல்லி அழுதேன். சும்மா அழவில்லை, மூக்கு வடிய, விக்கி விக்கி அழுதேன். வாப்பா ஒரு துவாயை எடுத்துத் தந்து முகத்தைத் துடைக்கச் சொன்னார்.

"கண்டவன்லாம் என்ட பேரக் கூவுறான் வாப்பா."

"அது உன்ட பேரில்ல புள்ள. கடைட பேரு."

"என்ட பேரத்தானே வெச்சீங்க."

"வெக்கக்குள்ள உன்ட பேரு. இப்ப கடைட பேரு. கட எண்டா பேரக் கூவத்தான் செய்வாங்க, கூவாட்டித்தான் வாப்பா கவலப்படணும்" என்றார். பிறகு எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போர்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கனநாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, அது வேறு எரிச்சல்.

அதற்கு அடுத்த வருடமாக இருக்க வேண்டும், பொத்துவிலில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு, தேத்தண்ணி குடிக்க அறுகம்பேயில் வேனை நிற்பாட்டினோம். ஒரு வெள்ளைக்காரன் தலையால் தண்ணீர் வடிய, அலையில் ஏறுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனான். பலகையில் பெரிதாக மூன்று எழுத்து. அதே எழுத்து, அதே ஒழுங்கு. வாப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினார். எழுத்தைத் தொட்டுக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், பிறகு தூரத்தில் நின்ற என்னைக் காட்டினார். அவனும் தன் நெஞ்சைத் தட்டி, அதுதான் தன் பெயர் என்றான். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் வேனுக்குள் ஏறிக் கதவை இழுத்து மூடிவிட்டேன்.

"இஞ்ச பாரு, ஆம்புளைக்கும் வெக்கிறாங்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் வாப்பா. "அந்தப் பொடியனும் போர்ட்டுத்தான் போட்டிரிக்கான்." அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வருடக்கணக்காகச் சொன்னார்.

நான் படித்து முடித்து டீச்சரான பிறகு கலியாணம் பேசி வந்தார்கள். வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமிதான் இடையில் நின்று கதைத்தவர். மாப்பிள்ளை சம்மாந்துறையில் நெற்காணிக் குடும்பம். வாய்க்கால், மதகு பார்க்கிற அரசாங்க வேலை. பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் எங்கள் இருவரையும் முன்னறையில் கொஞ்ச நேரம் கதைக்க விட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது, திரைக்குப் பின்னால் தங்கச்சியின் கால் தெரிந்தது. "கலியாணத்துக்குப் புறகும் படிப்பிப்பீங்களா?" என்று கேட்டார் அவர். "ஓம்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. "அப்ப நான் சமைக்கப் பழகணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிலேயே பிடித்துப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லாம் பேசி முடிகிற கட்டத்தில் மாமி ஒரு நாள் பகலில் வந்து, உம்மாவையும் வாப்பாவையும் இருத்திவைத்துச் சொன்னார். மாப்பிள்ளையின் உம்மா, ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல, பெண்ணைப் பற்றி விசாரிக்கத் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். கொண்டக்டர் பொடியன் ஒருவன் என் பெயரைக் கூவியதைக் காதால் கேட்டிருக்கிறார். கடையில் துணி பார்க்கிற மாதிரி நின்று போர்டையும் பார்த்திருக்கிறார். "என்ட மருமகள்ட பேர கண்டவனெல்லாம் பஸ்ஸில கூவுறத்தக் கேட்டுக்கிட்டிரிக்க என்னால ஏலா. அந்தப் பேர எடுக்கச் சொல்லுங்க, மத்த எல்லாத்துக்கும் நாங்க சம்மதம்" என்றாராம்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் வாப்பா.

நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனுஷி சொன்னதும் நான் பதினான்கு வயதில் அழுதழுது சொன்னதும் ஒரே வசனம். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு சோடா.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்தே கண்டேன். போர்ட் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருந்தது. கொண்டக்டர் வழக்கம்போலக் கூவினான். நான் வழக்கத்துக்கு மாறாக அங்கேயே இறங்கி உள்ளே போனேன்.

"நான் அழுதன். அப்ப கழட்டல்ல" என்றேன்.

வாப்பா சாறன் மடித்துக்கொண்டிருந்தார். "அப்ப நீ சின்னப்புள்ள."

"இப்ப ஆரோ ஒரு பொம்புள ஒரு சொல்லுச் சொன்னதும் கழட்டிட்டீங்க. வெக்கக்குள்ளயும் என்னயக் கேக்கல்ல, கழட்டக்குள்ளயும் என்னயக் கேக்கல்ல. ஆருட பேரு வாப்பா அது?"

அவர் இன்னொரு சாறனை எடுத்து மடித்தார். எனக்கோ, மடித்து வைத்த அடுக்கைத் தள்ளிவிட வேண்டும் போலக் கோபம். பிறகு அவர் கேட்டார், "உனக்கு அந்தப் பொடியனப் புடிச்சிரிக்கா, இல்லியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புடிச்சிரிக்கி" என்றேன்.

"அப்ப போர்ட்டப் பத்திக் கதைக்காத."

அன்று பின்னேரம் மாப்பிள்ளைக்கு நானே போன் எடுத்தேன். அந்தக் காலத்தில் அது கொஞ்சம் துணிச்சலான வேலைதான். "போர்ட்டு உங்களுக்கா பிரச்சினை, உங்கட உம்மாக்கா?" என்று கேட்டேன். உம்மாவுக்குத்தான் என்றார். "அப்ப உங்கட உம்மாவையே வந்து என்னயக் கட்டச் சொல்லுங்க" என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. தனக்கு அந்தப் பெயர் எங்கே இருந்தாலும் சந்தோஷம்தான் என்றும், ஆனால் உம்மாவை எதிர்த்து முதல் நாளே கதைக்கத் தன்னால் ஏலாது என்றும் சொன்னார். நேர்மையாகச் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு, இந்தக் கலியாணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பது உண்மை, சொல்லவில்லை என்பதும் உண்மை. எனக்கு அந்த மனிதர் வேண்டும், என் பெயரும் வேண்டும். இரண்டில் எதைக் கேட்டாலும் மற்றது போய்விடும் போலிருந்தது.

தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டில் எதையும் சும்மா வைத்திருக்க உம்மாவுக்குப் பொறுக்காது. கோழிக்கூட்டுக்கு மேலே மழைக்கு மூடியாகப் போட்டுவிட்டார், எழுத்து மேலே தெரிகிற மாதிரி. "ராத்தா, உங்கட பேருக்குக் கீழ கோழி அட கிடக்கு" என்று தங்கச்சி வந்து சொன்னாள். அவளை அடிக்கத் துரத்தினேன், எட்டவில்லை.

வாப்பா ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. புது போர்ட் போட்டார். நல்ல பெரிய போர்ட், இரவில் லைட் எரிகிறது, ஊரின் பெயரை வைத்துச் சும்மா ஒரு பெயர். என் பெயர் அடித்த சொப்பிங் பேக்குகளைக் கட்டுக் கட்டாக எடுத்து உள்ளே போட்டார். சுவரில் இருந்த, அதே பெயர் போட்ட கலண்டரைக் கழற்றினார். கழகப் பொடியன்களுக்குப் புது ஜேர்ஸி அடித்துக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தால் அப்படித்தான் அவர். கொண்டக்டர்மாரிடம்கூடக் கதைத்துப் பார்த்தாராம். "நாங்க கூப்பிடாம விட்டா, இறங்கிற ஆக்கள் கேக்குற முதலாளி" என்றார்களாம். அதற்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கலியாண நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வந்து அங்கேயே இருந்துவிடுவார். சம்மாந்துறையிலிருந்து இரண்டு வேனில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன் வேனில் வந்த மாப்பிள்ளையின் சாச்சி, அவருடைய உம்மாவின் தங்கச்சி, என் பக்கத்தில் வந்து இருந்து விசிறிக்கொண்டே கதை சொன்னார். காரைதீவுச் சந்தியில் வேனை நிற்பாட்டி, இளநீர் வெட்டுகிற ஒருவரிடம் புதுக் கடையின் பெயரைச் சொல்லி வழி கேட்டார்களாம். அவர் அப்படி ஒரு கடையே இல்லை என்று சொல்லிவிட்டாராம். கடைசியில் மாப்பிள்ளையின் உம்மாவே கண்ணாடியை இறக்கி, என் பெயரையும் 'அடி'யையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அதா, நேர போங்க" என்றாராம் இளநீர்க்காரர். சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அலங்காரம் கலையாமல் சிரிக்கப் பார்த்தேன்.

நிக்காஹ் எங்கள் வீட்டு முன் மண்டபத்தில். ஆண்கள் அங்கே, பெண்கள் உள்ளே, இடையில் ஒரு திரை. நிக்காஹுக்கு முன்னால் வாப்பா இரண்டு சாட்சிகளோடு என் அறை வாசலுக்கு வந்தார். பெண்ணுக்காகப் பொறுப்பு நின்று மணமுடித்துக் கொடுக்கிறவரை வலி என்பார்கள். எனக்கு வலி வாப்பா. வெள்ளைச் சாறனும் தொப்பியுமாக, வேறு யாரோ போல நின்றார்.

"மகள், இன்னாருக்கு உங்கள நிக்காஹ் செஞ்சி குடுக்கப் போறன். சம்மதமா?"

எனக்கு அவர் நீங்கள் போட்டுக் கதைத்ததே அதிசயமாக இருந்தது. பெண்கள் இந்த இடத்தில் பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். நான் சத்தமாகவே சொன்னேன், "ஓம்."

அவர் திரும்பப் போகும்போது, "வாப்பா, நான் எங்க கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்கு அதுல இல்ல. நான்தான் வெக்கிற" என்றார்.

நான் கலியாணம் முடிக்கிற காலத்தில் எங்கள் விவாகப் பதிவில் மணமகள் கையெழுத்து வைக்கிற வழக்கம் இருக்கவில்லை. மாப்பிள்ளை வைப்பார், வலி வைப்பார், சாட்சிகள் வைப்பார்கள். எனக்கு அது முன்பே தெரியும், எத்தனை கலியாணம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தன்னுடைய கலியாணம் என்று வரும்போது வேறு மாதிரி. வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வைக்கிறவள், என் சொந்தக் கலியாணத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். போர்டில் இல்லை, பையில் இல்லை, இதிலும் இல்லை என்று மனதில் ஓடியது. நெஞ்சு கசந்து போயிருந்தது, அது கலியாண வீட்டில் யாருக்கும் சொல்கிற விஷயமில்லை.

வெளியே ஓதுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நின்ற பிறகு அடுத்தது நடக்கச் சுணங்கியது. கதைபேச்சுச் சத்தம் கூடியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா எழும்பித் திரையடிக்குப் போனார். திரை ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டிருந்த தங்கச்சி ஓடி வந்தாள்.

"வாப்பா கையெழுத்து வெச்சிட்டாரு. பதிவுகாரரு ஏலா எண்டு நிக்காரு."

"ஏன்?"

"உங்கட பேரத்தானே வெச்சிரிக்காரு."

பதிவுகாரர் கேட்டதும், அங்கே நடந்ததும் பிறகு என் கணவர் வரிசையாகச் சொல்லித் தெரியும். "முதலாளி, இது மணமகள்ட பேரெல்லோ. வலிட கையெழுத்து வேணும்" என்றிருக்கிறார் பதிவுகாரர். இதுதான் என் கையெழுத்து என்று வாப்பா சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் பெரிய மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இங்கிலீசு என்னத்துக்கு, தமிழ்ல உங்கட பேர வடிவா எழுதுங்களன்" என்று சொல்லியிருக்கிறார். வாப்பாவுக்குத் தமிழில் எழுத ஒரு நிமிஷம் போகாது. அவர் பேனையை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எனக்கு வேற கையெழுத்து இல்ல" என்றாராம். சத்தம் போட்டுச் சொல்லவில்லையாம், கடையில் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாராம். அப்போது மாப்பிள்ளை வாய் திறந்து, "அவர்ட கையெழுத்து அதுதான். எனக்குத் தெரியும், இரிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். திரைக்குப் பின்னால் அவருடைய உம்மா நிற்பது அவருக்குத் தெரியும்.

சாட்சிகளும் அதுதான் அவர் கையெழுத்து என்று சொன்ன பிறகு பதிவுகாரர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். துஆ ஓதினார்கள். உள்ளே பெண்கள் குரவை இட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். பிறகு என் முக்காட்டைச் சரி செய்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் குறைந்த பிறகு வாப்பா அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சுட்டுவிரலில் மை பட்டிருந்தது.

"எல்லாத்திலயும் என்ட பேர எடுத்தீங்கதானே" என்றேன். "அதுல மட்டும் ஏன் வெச்சீங்க? கலியாணம் நிண்டு போயிருந்தா?"

"நான் குடுத்த வாக்குல ஒண்டும் பிசகல்ல. போர்ட்டத்தான் கழட்டச் சொன்னாங்க" என்றார் வாப்பா. "என்ட கையக் கழட்டச் சொல்லல்லியே."

அலங்காரம் செய்தவள் பக்கத்தில் நின்று அழ வேண்டாம், அழ வேண்டாம் என்று சொன்னாள். நான் அழுதேன். இந்த முறையும் மூக்கு வடிய, விக்கி விக்கித்தான் அழுதேன். வாப்பா மடியைத் தடவித் துவாய் தேடினார், இருக்கவில்லை. தன் சாறன் ஓரத்தால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். என் கலியாணப் பதிவில் என் கை படவில்லை. என் பெயர் மட்டும் அதில் இருக்கிறது, மூன்று எழுத்தும் வாலும் அடியில் ஒரு கோடுமாக.